தாடியில் ஈரம்

மைமூன் கோபக்காரி இல்லை. ஆனால் கோபம் வந்துவிட்டால் அதற்குச் சோறு போட்டு வளர்ப்பாள். இந்த வாரம் வளர்த்தது புருஷன் நத்தர் மேல் வந்த கோபத்தை. காலையில் இடியாப்பம் பிழிந்து விற்கலாம் என்று அவள் ஆசையாகச் சொல்லப்போக, திருமுடிவாக்கத்தில் லேத் ஓட்டும் அந்த மனிதர் பக்கத்து வீட்டு ஜீவிதாவின் எதிரிலேயே சிரித்துவிட்டார். "நம்ம முடிச்சூர்ல விடியகாலம் எவன் எழுந்து வருவான்? நாய்தான் வரும்." அன்றோடு பேச்சு நின்றது.

அந்த வீட்டில் கல்யாணமான புதிதிலிருந்தே ஒரு வழக்கம். விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்கு யார் முதலில் விழிக்கிறார்களோ, அவர் மற்றவர் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்ப வேண்டும். அப்படி எழுப்புகிறவர் மேல் அல்லாஹ்வின் அருளான ரஹ்மத் இறங்கும் என்பார் நத்தர். பெரும்பாலும் அவர்தான் முந்துவார். சண்டைக்குப் பிறகு தண்ணீரும் நின்றது. ஃபேனை மட்டும் நிறுத்திவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார். இவள் வியர்த்துப்போய் எழுந்திருப்பாள்.

இன்று ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நத்தர் போர்வைக்குள் கிடந்தார். தூக்கத்தை விடத் தொழுகை மேலானது என்று சுபுஹு பாங்கு அழைப்பில் மட்டும் சொல்லும் வரிக்குக்கூட அசையவில்லை.

மைமூன் முகம், கை, கால் கழுவி ஒளு செய்துவிட்டு வந்தாள். மனிதர் அப்படியேதான் கிடந்தார். கிடக்கட்டும், எழுப்பினால் தோற்றது நான்தான். பள்ளிவாசலில் கூடித் தொழும் ஜமாஅத் தவறட்டும், சிரித்த வாய்க்கு நன்றாக வேண்டும். முஸல்லாவை விரித்து நின்றாள். தொழுகை தொடங்கத் தக்பீர் கட்டக் கை எழவில்லை. ஜன்னலுக்கு வெளியே கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. சூரியன் தலைகாட்டிவிட்டால் அவருடைய தொழுகை வேளை தப்பிவிடும். மனுஷன் மேல் இருக்கிற கோபத்தை அல்லாஹ்விடமா காட்டுவது?

ஒரு தம்ளர் தண்ணீரோடு போய்க் குனிந்தாள். 

"ஏங்க, எழுந்துருங்க. நேரம் போவுது."

தெளிக்கப் போன விரல் அவர் தாடியில் பட்டது. தாடி ஏற்கெனவே நனைந்திருந்தது.

"ஒளு பண்ணிட்டீங்களா?"

"அப்பவே," என்றார் நத்தர், கண்ணைத் திறக்காமல்.

"அப்பறம் இன்னாத்துக்குப் படுத்துகினு கீறீங்க?"

"நீ கூப்புடுவியான்னு பாத்தேன். வாயத் தொறந்து மாப்பு கேக்க வெக்கமா கீது."

"கூப்புடாம வுட்டிருந்தா?"

"வுட்டிருக்க மாட்டே."

அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. தம்ளர் தண்ணீர் முழுவதையும் அவர் முகத்தில் ஊற்றினாள்.

சட்டையை மாற்றிக்கொண்டு அவர் முன்னே நின்றார், இவள் பின்னே நின்று தொழுதாள். முடிந்ததும் கையேந்திய நத்தர், வழக்கமாக வாய்க்குள் முணுமுணுப்பவர், இன்று அவளுக்குக் கேட்கும்படியே கேட்டார். "யா அல்லாஹ், காலை நேரத்துல விருத்தியும் பரக்கத்தும் வெச்சவனே, இவ காலையில தொடங்கப்போற வேலையிலயும் வெய்யி."

பேசாமல் இருந்த நாட்களுக்கும் சேர்த்து, மைமூன் உரக்க ஆமீன் சொன்னாள்.