மணி அடித்தால் துடைப்பம்

விடியற்காலையில் பெங்களூர்க் குளிரில் இரும்பைத் தொட்டால் அது தேளாகக் கொட்டும். ஹெப்பகோடியின் கடைசியில், சாக்கடை ஓரத்துத் தகரக் கொட்டகையில், எட்டு வருஷமாக லூர்துமேரி தினமும் முதலில் தொடுவது அந்த இரும்பைத்தான். எண்ணெய் தடவிய தகட்டை இடது கையால் அச்சுக்குள் தள்ள வேண்டும். காலால் பெடலை மிதிக்க வேண்டும். மேலிருந்து பிரஸ் தம்மென்று இறங்கித் தகட்டை வெட்டும். அது மேலே எழும்புகிற கண்ணிமைப்புக்குள் வலது கையை உள்ளே விட்டு, வெட்டுப்பட்ட துண்டை எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். மறுபடி தள்ளு, மிதி, எடு. துண்டின் பிசிறு கிழித்து விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருந்தது. ஸ்கூட்டர் பூட்டுக்குள் உட்காருகிற சின்னத் துண்டு அது. ஊரில் எத்தனையோ வண்டிகள் அவள் கை பட்டு ஓடுகின்றன. அவள் மட்டும் இருட்டோடு எழுந்து நடந்தேதான் வேலைக்கு வருவாள்.

இவ்வளவும் செய்கிறவளுக்குக் கம்பெனி வைத்திருக்கும் பெயர் ஹெல்பர்.

ஒவ்வொரு வேலைக்கும் இதற்குக் கீழே போகக் கூடாது என்று அரசாங்கம் ஒரு கூலியை அறிவித்திருக்கிறது. கூட்டிப் பெருக்குகிற ஹெல்பருக்கு ஒன்று, பிரஸ் ஓட்டுகிற ஆப்பரேட்டருக்கு அதைவிட மேலே ஒன்று. முதலாளி முனிராஜ் சட்டத்தை மீறாதவர். அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார். ஹெல்பர் கூலியைக் குறைக்காமல் கொடுக்கிறார். என்ன, பிரஸ் ஓட்டுகிற அத்தனை பேரையும் ஹெல்பர் ஆக்கிவிட்டார், அவ்வளவுதான். சட்டம் தடுக்கில் பாய்ந்தால் முனிராஜ் கோலத்தில் பாய்கிற ஆள்.

அதிகாரி யாராவது வந்து பார்த்துவிட்டால்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். வாட்ச்மேன் போனில் சொன்னதும் சூப்பர்வைசர் நாகேஷ் முதலாளி அறைக்கு ஓடி, சாமி படத்துக்கு முன்னாலிருக்கும் பூஜை மணியை எடுத்து விடாமல் ஆட்டுவான். வெளியாள் காதுக்கு அது பூஜை. உள்ளே இருப்பவர்களுக்கு உத்தரவு. மணிச் சத்தம் கேட்டதும் பிரஸ்ஸை நிறுத்திவிட்டு, மூலையில் சாத்தி வைத்திருக்கும் துடைப்பத்தில் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு குனிந்துவிட வேண்டும். ஆண்களும்தான். அதிகாரி உள்ளே வரும்போது முதலாளியின் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் மட்டும் பிரஸ்ஸில் உட்கார்ந்திருப்பார்கள். மற்றவர்களெல்லாம் கூட்டுவார்கள். அவ்வளவு கூட்டுகிற இடத்தில் ஏன் இத்தனை குப்பை என்று ஓர் அதிகாரியும் கேட்டதில்லை.

இந்தக் கூத்தில் லூர்துமேரியை அடிக்க ஆள் கிடையாது. மணி நிற்பதற்குள் அவள் கையில் துடைப்பம் இருக்கும். புதிதாக வருகிறவர்களுக்குப் பழக்கிவிடுவதும் அவள்தான். இன்னா வேலைன்னு கேட்டா யோசிக்காம சொல்லணும், ‘ஹெல்பர் சார், கூட்டுறது’, எங்க சொல்லு பார்ப்போம் என்று பத்துத் தடவை சொல்ல வைத்துச் சிரிப்பாள். கணவன் குணசேகருக்கு இடுப்பு விழுந்ததிலிருந்து வீட்டில் அடுப்பு எரிவது அவள் கூலியில்தான். வயிற்றுக்காக ஒரு பொய், அதில் என்ன பாவம் என்றுதான் நினைத்திருந்தாள். ஜெனிஃபருக்கும் அப்படித்தான் பழக்கினாள்.

ஜெனிஃபர் கல்யாணமாகாத பெண். தங்கவயலில் சுரங்கம் மூடியபின் பிழைப்பைத் தேடி வந்த குடும்பம், லூர்துமேரியின் குடும்பத்தைப் போலவே. அந்தப் பெண் ஓட்டிய பிரஸ்ஸுக்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. ஒரு தடவை மிதித்தால் சில நேரம் இரண்டு தடவை இறங்கும். டபுள் அடிக்குது சார் என்று நாகேஷிடம் பலமுறை சொன்னாள். இந்த ஆர்டர் முடியட்டும் என்றான் அவன். கை உள்ளே போனால் மெஷினை நிறுத்துகிற தடுப்பு ஒன்று இருந்தது. வேகம் குறைகிறது என்று அதையும் எப்போதோ கழற்றிப் போட்டுவிட்டார்கள். போன மாதம் ஒரு காலையில் அது இரண்டாவது தடவை இறங்கியபோது ஜெனிஃபரின் வலது கை உள்ளே இருந்தது. மூன்று விரல்கள் போயின.

பக்கத்துத் தனியார் கிளினிக்குக்கு லூர்துமேரிதான் அவளை மடியில் சாய்த்துக் கொண்டுபோனாள். சேலையெல்லாம் ரத்தம். இந்தப் பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று டாக்டர் கேட்டார். பின்னால் நாகேஷ் நின்றிருந்தான். அவன் வாயைத் திறக்கவே இல்லை, திறக்கத் தேவையும் இருக்கவில்லை.

“ஹெல்பர் சார், கூட்டுறது” என்றாள் லூர்துமேரி.

யோசிக்காமல்தான் சொன்னாள். எட்டு வருஷம் பழகிய வாய். சொன்ன பிறகு அந்த வார்த்தை தன் காதில் விழுந்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. டாக்டர் அதற்குள் எழுதி முடித்திருந்தார்.

கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஜெனிஃபர் கம்பெனிக்கு வந்த அன்று, முனிராஜ் அறையிலிருந்து வெளியே வந்து எல்லோர் முன்னாலும்தான் பேசினார். அதுவும் ஒரு கணக்கோடுதான்.

“நோடம்மா, இங்க பாரு, ஆஸ்பத்திரி செலவு நான் பார்த்தேன். மனுஷத்தனம் அது. ஆனா நீ கூட்டுற பொண்ணு. கூட்டுற பொண்ணு மெஷின்ல எதுக்குக் கை வச்சே? அதுக்கு நானா பொறுப்பு?”

“என்ன மெஷின்ல உக்கார வச்சதே நீங்கதான சார்.”

“யார் சொன்னா? உங்க அக்காவே டாக்டர்கிட்ட என்னா வேலைன்னு சொல்லிட்டா. ஏம்மா லூர்துமேரி, சொன்னியா இல்லியா?”

பிரஸ்கள் ஒவ்வொன்றாக நின்றன. லூர்துமேரி தகட்டைப் பார்த்தபடி நின்றாள். ஜெனிஃபர் அழுது கத்தியிருந்தால் தேவலை. திட்டியிருந்தாலும் தாங்கிக்கொண்டிருப்பாள்.

“சொல்லியிருக்கும் சார்” என்றாள் ஜெனிஃபர், நிதானமாக. “எங்களுக்கும் அக்கா அதான சொல்லிக் குடுத்துச்சு.”

அன்று மத்தியானமே அந்தப் பிரஸ்ஸில் சஞ்சய் என்ற பிகார்க்காரனை உட்கார வைத்தார்கள். ஊரில் இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவன். வேலையையும் மணியையும் பழக்கிவிடச் சொல்லி நாகேஷ் அவனை லூர்துமேரியிடம் விட்டான். அவள் முதலில் இரண்டு விரலைக் காட்டி, பிரஸ்ஸைக் காட்டி, தன் கையை அறுப்பதுபோல் காட்டினாள். துண்டைக் கையால் எடுக்காதே, இதால் எடு என்று ஒரு கம்பியை வளைத்துக் கொடுத்தாள். அவன் புரிந்துகொண்டு, ‘டீக் ஹை தீதி’, சரி அக்கா, என்றான். மணியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள், முடியவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று போய்விட்டாள். மறுநாளும் அப்படியே போனது.

ஜெனிஃபர் சும்மா இருக்கவில்லை. தொழிற்சங்கத்து மமதாவைப் பிடித்து, தொழிலாளர் துறையில் புகார் கொடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை லூர்துமேரி வீட்டுக்கு முன்னால், தண்ணீர்க் குழாயடியில் எல்லோரும் கூடினார்கள். மமதா கன்னடக்காரி, தமிழும் பேசுவாள். பொறுமையாகத்தான் சொன்னாள்.

“கூலி நீங்க செய்ற கெலசத்துக்கு, வேலைக்கு. ஓனர் வைக்கிற பேருக்கு இல்ல. சட்டம் அப்படித்தான் இருக்கு. ஆபீசர் வருவாரு. ஆனா அன்னிக்கும் நீங்க துடைப்பம் புடிச்சு நின்னா, அவரு துடைப்பத்தைத்தான் எழுதிக்கிட்டுப் போவாரு. ஜெனிஃபரும் கூட்டுறவதான், நீங்களும் கூட்டுறவங்கதான்.”

பச்சைமுத்து எழுந்தான். கொட்டகையில் பெரிய பிரஸ்ஸை ஓட்டுகிறவன், அதிகம் பேசாதவன்.

“மெஷின ஓட்டிக் காட்டிட்டு இன்னா பண்றது? மறுநாளே கம்பெனி கேட்ட மூடுவான். மெஷின ஒசூருக்குத் தூக்கிட்டுப் போறேன்னு இப்பவே மெரட்றான். வீட்டுக்காரன் என் சாமானத் தூக்கி வெளிய வைக்க நேரம் பார்த்துனுகிறான். அந்தப் பொண்ணுக்கு விரலு போச்சு, எனக்கு வயிறு எரியுதுதான். என் பசங்கள இன்னா பண்ணச் சொல்றீங்க?”

அப்படியெல்லாம் மூடமாட்டான் என்று மமதா பொய் சொல்லவில்லை. ஓவர்டைம் பணத்தை முனிராஜ் நிறுத்தியபோது இப்படித்தான் கூடினார்கள், இப்படித்தான் கலைந்தார்கள். பூனைக்கு மணி கட்டுகிற பேச்சு என்றைக்கு முடிந்திருக்கிறது? ஒவ்வொருவராகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஜெனிஃபர் கடைசியாகப் போனாள். இடது கையால் காம்பவுண்டுக் கதவின் கொக்கியை நீக்கத் தெரியாமல் தடுமாறினாள். லூர்துமேரி போய் நீக்கிவிட்டாள்.

உள்ளே படுத்திருந்த குணசேகர் எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

“வேணாம் மேரி. இந்த வேலையும் போச்சுன்னா நம்ம கையில இன்னா இருக்கு?”

“பத்து விரலும் இருக்கே, அதான் உறுத்துது” என்றாள் அவள்.

அந்த வாரத்திலேயே ஒரு காலையில் மணி அடித்தது.

நாகேஷ் என்றைக்கும் இல்லாத வேகத்தில் ஆட்டினான். லூர்துமேரி ஒன்றும் முடிவு செய்திருக்கவில்லை. முடிவு செய்ய அவளுக்கு நேரமும் கிடைக்கவில்லை. கால் பெடலை விட்டது, உடம்பு தானாக மூலைக்குப் போனது, கை தானாகத் துடைப்பத்தை எடுத்தது. இந்த உடம்பு இனி என் பேச்சைக் கேட்காது என்று அவளுக்கு அழுகை முட்டியது. மற்றவர்களும் வந்து ஆளுக்கு ஒன்றை எடுத்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்றுதான் அவள் குனிந்தாள்.

தம்.

கொட்டகையில் ஒரு பிரஸ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஜெனிஃபருடைய பிரஸ். சஞ்சய் பூஜை மணியைக் கேட்டு, எண்ணெய்க் கையால் நெஞ்சையும் நெற்றியையும் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, மறுபடி தகட்டைத் தள்ளி மிதித்தான். தம். வளைத்த கம்பியால் துண்டை இழுத்துத் தொட்டியில் போட்டான். அவனுக்கு யாரும் எதுவும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அவன் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்தான்.

நாகேஷ் அறையிலிருந்து ஓடிவந்து, அவனை நிறுத்து, அவனை நிறுத்து என்று லூர்துமேரியைப் பார்த்துக் கையை ஆட்டினான். அவள் நிமிர்ந்தாள். துடைப்பத்தைக் கீழே போட்டாள். தன் பிரஸ்ஸுக்கு நடந்தாள். பயம்தான், வீரமெல்லாம் ஒன்றுமில்லை. தகட்டை எடுத்தாள், தள்ளினாள், மிதித்தாள்.

இப்போது இரண்டு பிரஸ். பின்னால் ஒரு துடைப்பம் விழுந்தது. இன்னொன்று விழுந்தது. மூன்றாவது பிரஸ் எழுந்தது. கடைசிவரை சுவரோரம் துடைப்பத்தோடு நின்றவன் பச்சைமுத்து. அவன் அதைக் கீழே போடவில்லை. பத்திரமாக மூலையில் சாத்திவிட்டு வந்து பெரிய பிரஸ்ஸை மிதித்தான். கொட்டகை அதிர்ந்தது.

நாகேஷ் பாய்ந்து மெயின் சுவிட்சை இறக்கினான். எல்லாம் நின்றது. பிரஸ்களின் சக்கரங்கள் மட்டும் சுற்றிச் சுற்றி ஓய்ந்துகொண்டிருந்தபோது லேபர் இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். அவரவர் தங்கள் பிரஸ்ஸில் கால் வைத்தபடி நின்றார்கள். இன்ஸ்பெக்டர் லூர்துமேரியிடம் உங்களுக்கு என்ன வேலை என்று கன்னடத்தில் கேட்டார். பிரஸ் ஆப்பரேட்டர், எட்டு வருஷமாக, என்று அவளும் கன்னடத்திலேயே சொன்னாள். அதற்குமேல் அவளுக்குத் தமிழ்தான் வந்தது.

“விரல் போன அந்தப் பொண்ணும் ஆப்பரேட்டர்தான் சார். கூட்டுறவன்னு டாக்டர்கிட்ட நான் பொய் சொன்னேன். அத இப்ப மாத்தி எழுதிக்கோங்க.”

நாங்களும் ஆப்பரேட்டர்தான் என்று பின்னாலிருந்து பச்சைமுத்து சொன்னான். வரிசையாக எல்லோரும் சொன்னார்கள். என்ன கேட்கிறார்கள் என்று தெரியாமலே சஞ்சயும் ‘ஆப்ரேட்டர்’ என்றான்.

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். நோட்டீஸ் போகும், விசாரணை நடக்கும், நாளாகும் என்றார். வேறு உறுதி எதுவும் கொடுக்கவில்லை. அவர் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் முனிராஜ் வெளியே வந்தார். கோபப்படக்கூட இல்லை. “நாளைலேர்ந்து ஒருத்தரும் வர வேணாம். சட்டம் பேசுறீங்கல்ல, போய் அதையே சாப்பிடுங்க” என்றார்.

மறுநாள் விடியற்காலையில் கேட்டில் பெரிய பூட்டுத் தொங்கியது. ஆனாலும் எல்லோரும் வேலை நேரத்துக்கே வந்திருந்தார்கள். குளிரில் முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கு எதிரே உட்கார்ந்தார்கள். கையில் வேலையில்லை, வீட்டில் அரிசியில்லை, நாளைக்கு என்ன என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மமதா போனில் யார் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஜெனிஃபர் வந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு லூர்துமேரியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். லூர்துமேரி முந்தானையை இழுத்து அவள் கட்டுப்போட்ட கையை மூடினாள். பச்சைமுத்து எங்கிருந்தோ டீ வாங்கிவந்து, ஒரு டம்ளரை ஜெனிஃபரின் இடது கையில் கொடுத்தான்.

வெயில் ஏறியது. தெருமுனையில் அரசாங்க வண்டி ஒன்று திரும்பியது. அது இங்கேதான் வருகிறதா, நேரே போய்விடுமா என்று எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள்.

பூட்டிய கேட்டுக்குப் பின்னால், காலிக் கொட்டகைக்குள், காவலுக்கு இருந்த நாகேஷ் பூஜை மணியை விடாமல் ஆட்டத் தொடங்கினான். சஞ்சய் பழக்கத்தில் நெஞ்சைத் தொட்டான். லூர்துமேரி அவன் கையைப் பிடித்து இறக்கினாள். அந்த மணி எதற்கென்று, கூட்டுவதுபோல் சைகை காட்டி, முதல் தடவையாக அவனுக்குச் சொன்னாள். அவன் எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தான்.

“அந்தர் கோன் ஹை, தீதி? உள்ள யாரு கூட்டும்?” என்றான், பழகிவரும் தமிழில்.

முதலில் சிரித்தது ஜெனிஃபர்தான். உள்ளே மணி அடித்துக்கொண்டே இருந்தது. வெளியே ஒருவரும் அசையவில்லை.