மேசைக்குக் கீழே அலெக்ஸாண்டர்

தியாகலிங்கத்துக்கு அலெக்ஸாண்டர் கொடுக்க வேண்டியது சரியாக ஐந்நூற்று எண்பத்தேழு டொலர். கடன் கேட்கிறவர்கள் ஐந்நூறு என்பார்கள், அறுநூறு என்பார்கள். இப்படி வால் வைத்துக் கேட்ட மனிதரைத் தியாகலிங்கம் வேறெங்கும் கண்டதில்லை. ஆனால் அந்த வாலுக்கும் ஒரு காரணம் இருந்தது. இருவரும் வேலைசெய்த பாண் சுடும் பக்ரறியில் அந்த நாட்களில் அவர்களுக்குக் கைக்கு வந்த ஒரு கிழமைச் சம்பளம் அதுதான். ஒரு கிழமை அலெக்ஸாண்டருக்கு மட்டும் வேலை இல்லையென்று ஏஜென்சிக்காரன் நிறுத்திவிட்டான். மனிசி கிளடிசுக்கு அது தெரியக்கூடாது. அதனால் முழுச் சம்பளத்தையும் தியாகலிங்கத்திடம் வாங்கிக்கொண்டுபோய், உழைத்த காசு மாதிரி வீட்டில் கொடுத்தார்.

அது நாலு வருசத்துக்கு முந்திய கதை. காசு போனது தியாகலிங்கத்துக்கு நோகவில்லை. ஆள் போனதுதான் நொந்தது. ஏழு வருசமாக அவனுடைய காரில் பக்கத்துச் சீற்றில் இருந்து, ஹீற்றரைக் கூட்டு, குறை என்று சண்டைபிடித்துக்கொண்டு வேலைக்கு வந்த மனிதர், அடுத்த மாதமே பஸ்ஸில் போகத் தொடங்கினார். பிறகு பின்னேர ஷிஃப்ருக்கு மாறினார். பிறகு வேறு கொம்பனி. போன் அடித்தால் எடுக்கமாட்டார். தெருவில் கண்டால் மற்றக் கரைக்கு மாறிவிடுவார். காரில் அந்தச் சீற் இன்னும் பின்னுக்குச் சாய்ந்தபடியே கிடந்தது. அவர் நீட்டி வைத்த அளவு அது. தியாகலிங்கம் அதைத் தொடவில்லை.

வெக்ஸ்போர்ட் பகுதியில் மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒரு தெருவை மறித்துச் சந்தை கூடும். அங்கே அலெக்ஸாண்டரும் மனிசியும் மேசை போட்டு மட்டன் ரோல்ஸ் விற்கிறார்கள் என்று வேலையிடத்தில் யாரோ சொன்னார்கள். தியாகலிங்கம் முகம் வழித்து, நல்ல சேட்டொன்றைப் போட்டுக்கொண்டு புறப்பட்டான். காசு கேட்க அல்ல. ஆளை ஒருக்கால் பிடித்து நிறுத்திவிட்டால் போதும், மிச்சத்தை வாய் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தான்.

சந்தை நல்ல சந்தைதான். பிலிப்பைன்ஸ்காரர் கரியில் இறைச்சிக் குச்சி சுட்ட புகை தெரு முழுக்க நின்றது. யமேக்காப் பாட்டுக்கு ஒரு மனிசி கைப்பையோடு ஆடினாள். எங்கடை ஆள் ஒருவர் வாளியில் கறிவேப்பிலைக் கன்று வைத்து, பனிக்கு முதல் உள்ளே எடுக்கவேணும் என்று ஒரு வெள்ளைக்காரிக்குக் கையாலும் காலாலும் விளங்கப்படுத்தினார். லெபனான்காரர் ஒருவர் வந்தவர் போனவர் வாயிலெல்லாம் ஒலிவ் காய் திணித்தார். தியாகலிங்கத்தின் வாயிலும் ஒன்று விழுந்தது. கொட்டையை எங்கே துப்புவதென்று தெரியாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நடந்தான்.

சனத்துக்கு மேலால் அலெக்ஸாண்டரின் சாம்பல் தொப்பி தெரிந்தது. அவரும் இவனைக் கண்டார். கண்ணும் கண்ணும் பட்டது உண்மை. தியாகலிங்கம் கையைத் தூக்கினான். கை மேலே போக, தொப்பி கீழே போனது. அவன் கொட்டையை விழுங்கிவிட்டான்.

மேசைக்குக் கிட்டப் போனபோது கிளடிஸ் அக்கா மட்டும் நின்றார்.

“அவர் காருக்குப் போனவர் தம்பி, எண்ணெய்ப் போத்தல் எடுக்க,” என்றார். சொல்லும்போது கண் ஒருமுறை கீழே போய் வந்தது. மேசைவிரிப்பு நிலம் வரைக்கும் தொங்கியது. அதன் ஓரத்தில் ஒரு சப்பாத்தின் மூக்கு வெளியே நின்றது. புருசன் ஏன் ஒளித்தார் என்று அக்காவுக்கே விளங்கவில்லை. கீழேயிருந்து சட்டையைப் பிடித்து இழுத்திருப்பார், பாவம், அக்கா வாயில் வந்த பொய்யைச் சொல்லிவிட்டார்.

தியாகலிங்கம் திரும்பிப் போயிருப்பான். அக்கா விடவில்லை. எத்தனை வருசத்துக்குப் பிறகு கண்டது, சும்மா போகிறதோ என்று கதிரையைப் போட்டு, இரண்டு ரோல்சும் தேத்தண்ணியும் வைத்துச் சுகம் விசாரிக்கத் தொடங்கினார். அவனுக்கு வாயில் ருசி தெரியவில்லை. மனமெல்லாம் அந்த முழங்காலில் நின்றது. மா மூட்டை தூக்கித் தூக்கி அலெக்ஸாண்டரின் வலது முழங்கால் போய்ப் பத்து வருசம். கோயிலில் எல்லாரும் முழந்தாளிடும்போதும் தான் வாங்குப் பலகையின் நுனியில் இருந்துகொள்வதாகவும், ஆண்டவருக்கு அது விளங்கும் என்றும் அவரே சொல்லியிருக்கிறார். ஆண்டவருக்கு மடிக்காத காலை ஐந்நூற்று எண்பத்தேழு டொலருக்கு மடித்துக்கொண்டு மனிசன் கிடக்கிறார்.

தியாகலிங்கம் தேத்தண்ணியைக் கொதிக்கக் கொதிக்க விழுங்கினான். கோப்பை முடிந்ததும் அக்கா இன்னொன்று ஊற்றினார். விரிப்பு மெல்ல நடுங்கியது.

எழும்பிப் போனால் அவருக்கு விடுதலை. ஆனால் போனால் இனி இந்த ஆள் ஆயுளுக்கும் கிடையாது. காசு வேண்டாம் என்று சொல்லலாம் என்றால், கடன் வாங்கிய கதை அக்காவுக்குத் தெரிந்துவிடும். அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

“அக்கா, அண்ணை வந்தா ஒண்டு சொல்லுங்கோ,” என்றான், விரிப்புக்கும் கேட்கும்படி. “நான் அவருக்கு ஐந்நூற்றி எண்பத்தேழு டொலர் குடுக்கவேணும். வெக்கத்திலைதான் இவ்வளவு நாளும் முகம் காட்டேல்லை. குறை நினைக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ.”

மேசை ஒரு பக்கம் உயர்ந்தது. ரோல்ஸ் தட்டுச் சரிய அக்கா பாய்ந்து பிடித்தார்.

“பொய் சொல்லாதை, தியாகு,” என்றது மேசை.

பிறகு தொப்பி வந்தது, முகம் வந்தது. அதோடு நின்றுவிட்டது. முழங்கால் மாட்டேன் என்றது. அக்கா ஒரு கமக்கட்டிலும் தியாகலிங்கம் மற்றதிலும் பிடித்துத் தூக்கி, அவரைக் கதிரையில் இருத்தினார்கள்.

அலெக்ஸாண்டர் நிலத்தைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். வேலை நின்றது, காலமை சாப்பாட்டுப் பெட்டியோடு வெளிக்கிட்டு மோலில் கடைவாசலில் குந்தியிருந்தது, வெள்ளிக்கிழமை இவனிடம் வாங்கியது. முந்நூறு சேரும்போதெல்லாம் ஏதோ ஒன்று வந்து தின்றுவிடுமாம். முழுசாக இல்லாமல் இவனுடைய முகத்தில் முழிக்க மனம் வரவில்லையாம்.

“வேலை இல்லையெண்டு எனக்கு அப்பவே தெரியும்,” என்றார் அக்கா. “சப்பாத்திலை மா இல்லை. ஐஞ்சு நாளும் துடைச்ச மாதிரிக் கிடந்தது. ஆரிட்டைக் கடன்பட்டனீங்கள் எண்டுதான் தெரியாது.”

“கேட்டிருக்கலாமே.”

“நீங்களாச் சொல்லுவியள் எண்டு இருந்தனான்.”

அலெக்ஸாண்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். அக்கா காசு போடும் பிஸ்கற் ரின்னை எடுத்து விரிப்பின்மேல் கவிழ்த்தார். தியாகலிங்கம் இரண்டு கையையும் பின்னுக்குக் கட்டிக்கொண்டு, தனக்குக் காசு வேண்டாம், அதற்காக வரவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

“பிடியுங்கோ தம்பி. இப்ப நீங்கள் வாங்காட்டி, உவர் அடுத்த சந்தைக்கும் மேசைக்குக் கீழைதான்.”

அது உண்மையென்று அவனுக்குப் பட்டது. கையை நீட்டினான். அக்கா தாளும் குத்திக்காசுமாக எண்ணி வைத்தார். ரின்னில் இருந்தது ஐந்நூற்று எழுபத்தொன்பது. அலெக்ஸாண்டர் சேட்டுப் பையைத் தடவி இரண்டு டொலர்க் குத்திகள் இரண்டை எடுத்தார். இன்னும் நாலு குறைந்தது.

“ரெண்டு ரோல்ஸ் திண்டவன்தானே,” என்றார் அலெக்ஸாண்டர் மனிசியிடம். “அதைக் கழி.”

“அப்ப தேத்தண்ணி, அண்ணை?”

“அது அக்கா தந்தது. எனக்குத் தெரியாது.”

தியாகலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. அலெக்ஸாண்டர் இரண்டு குத்திகளையும் அவனுடைய உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். சரியோ என்று கேட்டார். சரி என்றான் அவன். மூடிய கையை அவர் உடனே விடவில்லை.