எட்டு ஸ்பூன் சோயா சாஸ்

நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் போனிலேயே குடித்தனம் நடத்துகிறவர்கள் கொஞ்சம் பொய் சொல்வது உலக வழக்கம். மாப்பிள்ளையான லிஃப்ட் மெக்கானிக் அதிகம் சொல்லவில்லை. சொன்னதைப் பெரிதாகச் சொல்லிவிட்டான். "நூடுல்ஸ்னா எனக்குக் கைவந்த கலை. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள இறக்கிடுவேன்." மறுமுனையில், மருந்துக் கடையில் வேலை பார்க்கும் வருங்கால மனைவி விட்டுக்கொடுக்கவில்லை. "இறால் சமைக்கறதுல என்னை அடிச்சுக்க ஆளில்ல" என்றாள். ஆக, தனிக்குடித்தனத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இறால் நூடுல்ஸ் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

அந்த ஞாயிறும் வந்து தொலைத்தது. அடுப்பு மேடையில் உரித்த இறால், நூடுல்ஸ் பாக்கெட்டுகள், பூண்டு, குடைமிளகாய், சோயா சாஸ் பாட்டில், நடுநாயகமாக வாணலி. யாரோ பெரிய மனிதர் வீட்டுக்கு வந்துவிட்டதுபோல் இருவரும் வாணலி முன் கைகட்டி நின்றார்கள்.

"நீங்க ஆரம்பிங்க. உங்க கை வேகத்தை நான் பாக்கணும்."

"சேச்சே, இறால் உன் இலாகா. நான் குறுக்க வரமாட்டேன்."

"பரவால்ல, வாங்க."

"இரு, பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்."

குழாயைச் சத்தமாகத் திறந்துவிட்டு அக்காவை அழைத்தான். அக்கா பல் டாக்டர். காதில் போனை மாட்டிக்கொண்டே சொத்தைப் பல் பிடுங்குகிறவள்.

"அக்கா, இறால் நூடுல்ஸ் எப்படிச் செய்யறது? எனக்குத் தெரியாதுன்னு அவளுக்குத் தெரிஞ்சா மானம் கப்பலேறிடும்."

"வாயை நல்லாத் திறங்க."

"எதுக்குக்கா?"

"உன்னை இல்லடா, பேஷண்ட்டை. கேட்டுக்கோ. நூடுல்ஸ வேகவெச்சு, பச்சத் தண்ணில அலசி வடிச்சுடு. வாணலி நல்லாக் காய்ஞ்சதும் எண்ணெய், பூண்டு, இறால். இறால் சிவந்து சுருண்டுச்சுன்னா காயும் நூடுல்ஸும். இறாலை அதுக்கு மேல விட்டா ரப்பராயிடும். கடைசில சோயா சாஸ் நாலு ஸ்பூன். அதுலயே உப்பு இருக்கு, தனியாப் போட்டுத் தொலைக்காத."

அவன் வெளியே வந்தபோது அவள் பால்கனியில் போனும் கையுமாக நின்றாள். துணி காயப்போட வந்தாளாம். கொடியில் ஒரே ஒரு கர்ச்சீப் தொங்கியது. அதுவும் காய்ந்த கர்ச்சீப்.

அப்புறம் அடுப்படியில் அமர்க்களம். "பச்சத் தண்ணில அலசணும்" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அடேயப்பா, நிஜமாகவே தெரிந்தவள்தான் என்று அவன் நினைத்துக்கொண்டான். பூண்டு பொரிந்தது. இறால் சிவந்தது. வாணலியை ஸ்டைலாகக் குலுக்கிக் காட்டினான்; ஒரு இறால் பறந்து ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்ப் பதுங்கியது. அதைப் பிடிக்க அவன் தரையில் குப்புறப் படுத்திருந்தபோது, மேலே ஏதோ சலக் சலக்கென்று நாலு தடவை கேட்டது. அவன் காதில் வாங்கவில்லை. எழுந்தான், அவள் தட்டு எடுக்கத் திரும்பினாள், சமயம் பார்த்து நாலு ஸ்பூன் சாஸை ஊற்றினான்.

முதல் வாயிலேயே இறால் தான் பிறந்த கடலுக்குத் திரும்பிவிட்டது தெரிந்தது.

"பிரமாதம்" என்றான். கண்ணில் நீர் முட்டியது.

"உங்க கைப்பக்குவமே தனி" என்றாள். அவளுக்கும் முட்டியது.

"இன்னும் கொஞ்சம் வைக்கவா?"

"வைங்க. நீங்களும் போட்டுக்குங்க."

தண்ணீர்ச் சொம்பை முதலில் தொடுகிறவர் தோற்றவர் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் இருவரும் தொடவில்லை.

"துணி காய்ஞ்சிருக்கும், எடுத்துட்டு வந்துடறேன்" என்று அவள் எழுந்தாள். "நானும் பாத்ரூம்..." என்று அவன் ஓடினான். முதலில் குழாயில் வாய் வைத்துக் குடித்தான். பிறகு அக்கா.

"அக்கா, உப்பு கரிக்குது. அவளுக்குத் தெரியாம எப்படிச் சரி பண்றது?"

"இரு, இன்னொரு லைன் வருது." அக்கா அந்த லைனுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். "இங்க பாரு, ஒருத்தர் ரகசியத்த இன்னொருத்தர்கிட்ட சொல்றது டாக்டர் தொழிலுக்கு அழகில்ல. அதனால நான் எதுவும் சொல்லப்போறதில்ல. ரெண்டு லைனையும் சேர்த்துவிடறேன்."

"அண்ணி, எங்க போனீங்க? நாக்கு எரியுது. நாலு ஸ்பூன்தானே போடச் சொன்னீங்க?"

குரல் போனிலும் கேட்டது, பால்கனியிலிருந்து ஜன்னல் வழியாகவும் கேட்டது. அவன் குழாயை மூடினான்.

"நீயும் நாலா?"

பால்கனி திருப்பிக் கேட்டது. "நீங்களுமா?"

அவன் கதவைத் திறந்தபோது, கர்ச்சீப்பை வாயில் பொத்திக்கொண்டு அவள் தரையில் உட்கார்ந்து குலுங்கிக்கொண்டிருந்தாள். அவனும் பக்கத்தில் சரிந்தான்.

"போன்ல அளந்தேனே, எனக்கு நீச்சல்கூடத் தெரியாது" என்றான், மூச்சு வாங்க.

"எனக்கும்தான்."

"சிரிச்சது போதும்" என்றாள் அக்கா, இரண்டு போனிலும். "இன்னொரு பாக்கெட் நூடுல்ஸ உப்பில்லாம வேகவெச்சு அதோட கலந்துடுங்க." பின்னால் யாரோ குழறினார்கள். "எலுமிச்சம்பழம் பிழியணுமாம். பேஷண்ட் சொல்றார்."

பிழிந்தார்கள். வாணலி நிரம்பி வழிந்தது. இருவரும் அதிலிருந்தே அள்ளி ருசி பார்த்தார்கள். இந்தத் தடவை கண்ணில் எதுவும் முட்டவில்லை.

"அண்ணி, நிறைய இருக்கு, சாப்பிட வந்துடுங்க. பேஷண்ட்டையும் கூட்டிட்டு வாங்க."

"ஊசி போட்ட மரப்பு போற வரைக்கும் அவர் எதுவும் சாப்பிடக் கூடாது."

பேஷண்ட் முதல் முறையாகத் தெளிவாகப் பேசினார். "எடுத்து வைக்கச் சொல்லுங்க."