வாடகை வீட்டுச் சாமி

வள்ளித்தாய் தென்காசிக்குப் பஸ் ஏறியதே சண்டை போடத்தான். அங்கே வாடகைக்கு விட்ட வீட்டில் சுல்தான் பீவி தோட்டத்தையே மாற்றிவிட்டாள் என்று யாரோ போனில் சொல்லியிருந்தார்கள். ஆவடியில் போலீஸ் வேலையில் இருக்கும் மகனோ, "கேக்காம ஒரு செடியக்கூடத் தொடக் கூடாதுன்னு அக்ரிமெண்ட்ல இருக்கும்மா. காலி பண்ணச் சொல்லிட்டு வா" என்று ஒற்றைக் காலில் நின்றான். வீரகேரளம்புதூரிலிருந்து வரும் வழியெல்லாம் பேச வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கேட்டைத் திறந்தவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் ஆசையாக வைத்த குரோட்டன்ஸ் வரிசையைக் காணோம். அந்த இடத்தில் செவ்வரளி. துணிக்கொடி மறுபக்கம் போயிருந்தது. நடுவில் முழ உயரத்துக்கு சிமெண்டுக் கட்டு, அதற்குள் ஒரு கறுப்புக் கல், முன்னால் அகல் விளக்கு. சுல்தான் பீவி வீட்டில் அகல் விளக்கா? வேறு வீட்டுக்குள் நுழைந்துவிட்டோமோ என்று திரும்பி வாசல் நம்பரைக்கூடப் பார்த்தாள்.

சுல்தான் பீவி பதறி ஓடி வந்தாள். கணவன் யஹ்யா துபாயில். மகள் ஹம்னாவுக்கு இன்னும் பத்து நாளில் பிளஸ் டூ பரீட்சை. இந்த நேரத்தில் போகச் சொன்னால் எங்கே போவது என்கிற பயம் அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது.

"கேக்காம செஞ்சது தப்புதான் ஆச்சி. துணி தொவச்ச தண்ணி உங்க சாமி மேல தெறிச்சிது. ஹம்னா வேற தெரியாம ஏறி உக்காந்துட்டா. சாமி குத்தம் ஆயிரக் கூடாதுல்லா? அதான் கட்டிவிட்டேன். வெள்ளிக்கெழம பக்கத்து வீட்டு மூக்கம்மாக்கா வந்து வெளக்கு ஏத்துதாவ."

"எங்க சாமியா? யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. கல்லுல இத்தன எண்ணெ ஊறிக் கெடக்கே! எண்ணெக் காப்பு சாத்துத சாமின்னு நெனச்சேன்."

இங்கே ஏது சாமி? வள்ளித்தாய்க்குத் தலை சுற்றியது. குனிந்து கல்லைத் தடவிப் பார்த்தாள். அப்புறந்தான் பிடிபட்டது.

இங்கே குடியிருந்த காலத்தில், சாரல் தொடங்கிவிட்டால் ஞாயிறு தவறாமல் அவள் கணவர் இந்தக் கல்லில்தான் கோவணத்தோடு வந்து உட்காருவார். உச்சந்தலையிலிருந்து பாதம்வரை நல்லெண்ணெய் தேய்த்து, நன்றாக ஊறி, அப்படியே துண்டைச் சுற்றிக்கொண்டு குற்றாலத்துக்குக் கிளம்புவார். கல்லெல்லாம் எண்ணெய், தோட்டமெல்லாம் எறும்பு என்று முப்பது வருஷம் அவரை வறுத்தெடுத்தவள் வள்ளித்தாய். அவர் போய் நாலு வருஷம் ஆகிறது.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் இந்தப் பெண் கூனிக் குறுகிப் போவாள். சொல்லாவிட்டால், எண்ணெய்ச் சட்டியும் கோவணமுமாக இருந்த மனுஷனுக்கு வெள்ளிக்கிழமை விளக்கா? ஆனாலும் இருந்தவரை அவரிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லையே.

"வீட்டக் காலி பண்ணணுமா ஆச்சி?"

"பிள்ள படிக்கட்டும். நீ இங்கனயே இரு. மகன்ட்ட நான் பேசிக்கிடுதேன்."

சுல்தான் பீவி அழுதே விட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மூக்கம்மாக்கா கேட்டுக்கிட்டே இருக்காவ. சாமி பேரு என்ன ஆச்சி?"

கல்யாணமான நாளிலிருந்து கணவர் பெயரை வாயால் சொன்னவளில்லை வள்ளித்தாய். ரேஷன் கடையில் கேட்டாலும் ஆஸ்பத்திரியில் கேட்டாலும் மகனைத்தான் சொல்ல வைப்பாள்.

"முத்துச்செல்வம்" என்றாள்.