எந்த ஊர் மரம்?

“எந்த ஊர் மரத்த வெட்டப் போறீங்க? அதச் சொல்லுங்க துரை. சொன்னாத்தான் ரொட்டி.”

கேட்டவள் தொமிங்கா. முழங்கைவரை சேகோ மாவுப் பால் வழிந்து காய்ந்து, வெள்ளைத் தோலாக உரிந்துகொண்டிருந்தது. இந்த ஹதுலேரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அன்றே புருஷன் லொரென்சோ சொல்லிவைத்திருந்தான்: “ஒல்லாந்தன்கிட்ட எத வேணா கேளு. எந்த ஊருக்குப் போறோம்னு மட்டும் வாயத் திறக்காத.” எட்டு வருஷம் அவள் திறக்கவில்லை.

விடிவெள்ளி மறையுமுன்னே தொடங்கிய வேலை. பிளந்துபோட்ட சேகோப் பனைகளின் தண்டுச் சோற்றைப் பெண்கள் கொட்டாப்புளியால் இடித்தார்கள், மரத்தொட்டிகளில் நீரூற்றிப் பிசைந்தார்கள், படிந்த மாவைச் சுட்ட மண்ணச்சுகளில் கொட்டி ரொட்டியாக்கினார்கள். அறுபது துடுப்புக்காரர்களுக்கு நாற்பது நாள் வயிற்றுப்பாடு. படகு ஊருடையது, துடுப்பு ஊருடையது, ரொட்டி ஊருடையது, தோளும் ஊருடையதே. கொடி மட்டும் கும்பினியுடையது.

மேட்டில் கிராம்பு மொட்டு சிவந்து நின்றது. பத்து நாளில் பறிக்காவிட்டால் பூத்துவிடும். பூத்ததைக் கும்பினி தொடாது, வேறு எவனுக்கும் விற்கவும் விடாது. இந்தத் தீவில் மட்டும் கிராம்பு இருக்கலாம், மற்ற கரைகளில் நிற்பதையெல்லாம் வெட்டிச் சாய்க்க வேண்டும் என்பது கும்பினியின் சட்டம். எங்கும் விளைந்தால் விலை இறங்கிவிடுமாம். வெட்டுவதற்கு மட்டும் ஒல்லாந்தன் கை வராது. அதற்கு ஊர்க்காரன் கைதான்.

சார்ஜண்டு துரை ஒரு ரொட்டியை எடுத்துக் கடித்துத் துப்பினான். “கடலுக்குள்ள போன பிறகு சொல்லுவேன். துடுப்புக்குக் காது எதுக்கு?”

“காது வேணாம் துரை,” என்றான் தியகோ. முப்பது வருஷம் துடுப்பு வலித்து ஒரு தோள் இறங்கிப்போனவன். “நீங்க துப்புன ரொட்டியத் திங்கிறதுக்கு வாய் மட்டும் வச்சு அனுப்புங்க.”

துடுப்புக்காரர்கள் சிரித்தார்கள். துரை சிரிக்கவில்லை.

“மரத்தத்தானே வெட்டுறோம்? மனுஷனையா வெட்டுறோம்?”

“எங்களுக்கு ரெண்டும் ஒண்ணு,” என்றாள் தொமிங்கா. “எம் மகன் மரம் வாய்லோலாவுல நிக்குது. எங்கம்மா வீட்டு மேட்டுல. அங்க போறீங்களா, இல்லையா?”

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தபோது பிள்ளைக்கென்று நட்ட கிராம்புக் கன்று. தொப்புள்கொடியைச் சிரட்டையில் வைத்து, வெள்ளைப் பவளக்கல்லால் மூடி, கன்றின் அடியில் அவள் கையாலேயே புதைத்தாள். மகன் அந்தோனி இரண்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். மரம் இருந்தது. ஏழாவது வருஷம் முதல் மொட்டு வைக்கும். இது ஏழாவது வருஷம்.

துரை ஊர்த்தலைவர் மனுவேல் பக்கம் திரும்பினான். “மத்தியானம் கடல் ஏறும். அப்ப படகு தண்ணியில நிக்கணும். நிக்கலன்னா ஒன் காலுக்கு விலங்கு, ஊருக்கு நெருப்பு.”

மனுவேல் அவளிடம் ஓடிவந்தார். “தாயே, ஒன் கால்ல விழறேன். வீட்டுக்குப் போ.”

அறுபது ஆண்களில் ஒருவர்கூட அவள் கண்ணைப் பார்க்கவில்லை. மணலைப் பார்த்தார்கள்.

அவள் வீட்டுக்குள் நுழைந்ததும், பின்னாலேயே வந்த லொரென்சோ கூரை ஓலையிடுக்கில் கைவிட்டு ஒரு துணி மூட்டையை எடுத்தான். அவிழ்த்தான். உள்ளே ஒரு சிரட்டை. ஒரு வெள்ளைப் பவளக்கல்.

அவளுக்குத் தெரியாத கல்லா? ஓரம் உடைந்த இடத்தில் அவள் நகம் பட்ட தடம்வரைக்கும் தெரியும்.

“போன வருஷம் வாய்லோலாவுக்குத்தான் போனோம்,” என்றான். “ஒங்கிட்ட வடக்கே போனோம்னு பொய் சொன்னேன். ஒங்கம்மா வீட்டு ஆளுங்கெல்லாம் மலைக்கு ஓடிட்டாங்க. மேடு முழுக்கப் புதரு, எது எந்த மரம்னு தெரியல. சின்ன மரத்த வெட்டாதீங்க, துளிர்க்கும், கயித்தக் கட்டி வேரோட இழுங்கன்னான் துரை. துடுப்புக்கு அடிக்கிற அதே தாளம் அடிச்சாங்க. நாங்க இழுத்தோம். வேரு மேல வந்தப்ப... இது கெடந்துச்சு.”

“நீங்களா இழுத்தீங்க?”

“முன்கயிறு என் கையில.”

வெளியே கொட்டாப்புளிகள் இடித்துக்கொண்டே இருந்தன. தொமிங்கா சிரட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே மண்தான் இருந்தது. பிள்ளையைப் புதைத்தபோது அழுத அழுகை திரும்ப வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

“வேற யாருக்குத் தெரியும்?”

“எல்லாருக்கும். தியகோ அண்ணன்தான் மண்ணத் தட்டி என் கையில கொடுத்தாரு. ஒனக்குச் சொல்லக் கூடாதுன்னு படகுலயே சத்தியம் பண்ணிக்கிட்டோம்.”

அவளுக்கு மீன் ஞாபகம் வந்தது. ஒரு வருஷமாக வாரந்தோறும் வாசலில் யாரோ ஒருத்தன் மீன் வைத்துவிட்டுப் போகிறான். ஒரு வாரம் தியகோ, ஒரு வாரம் சலோமோ, இன்னொரு வாரம் பெயர்கூடத் தெரியாத ஒருவன். கொல்லை விளையவில்லை என்று இரக்கப்படுகிறார்கள் என நினைத்து ஆக்கித் தின்றிருக்கிறாள்.

“அறுபது பேரு,” என்றாள். “அறுபது வாயி. ஒரு வருஷம். கள்ளுக் குடிச்சப்பகூட ஒருத்தன் ஒளறல.”

“தொமிங்கா...”

“துரைய எதுத்து நிக்க நம்ம ஆளுங்களுக்கு ஒத்துமை கெடையாதுன்னு சொல்லுவீங்களே. எங்கிட்ட ஒரு பொய்யக் காப்பாத்த மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு?”

அவன் மூட்டைத் துணியை மடிக்கத் தொடங்கினான்.

“இன்னிக்குப் போற ஊர்லயும் ஒருத்தி இருப்பா. அவ புருஷன் கையில கயிறு இருக்காது. ஒங்க கையில இருக்கும்.”

“வீட்டக் கொளுத்துவான்டி.”

“கொளுத்துவான். படகு அசையலன்னா நாலு சிப்பாய வச்சு நம்ம ஊரக் கொளுத்தலாம். அடுத்த ஊருக்கு எதுல போவான்? நீந்தியா?”

சிரட்டையைக் கல்லால் மூடி இடுப்பில் செருகினாள். கதவோரம் சாத்தியிருந்த துடுப்பை எடுத்தாள். கல்யாணத்துக்கு முன் அவனே செதுக்கியது, பிடி கறுத்து அவன் உள்ளங்கை வடிவத்தில் தேய்ந்திருந்தது. படகைக் கடலுக்கு உருட்டக் கரையில் போட்டிருந்த உருளைக் கட்டைகள்மேல் அதைக் குறுக்கே வைத்து, அதன்மேல் உட்கார வேண்டும். படகு நகராது. அவ்வளவுதான். யோசிக்க இனி ஒன்றுமில்லை.

வெயிலில் இறங்கி நடந்தாள். துடுப்போடு ஒரு பெண் போவதை அந்த ஊர் பார்த்ததில்லை. முதல் தொட்டியைக் கடந்தபோது ஒரு கொட்டாப்புளி நின்றது. அடுத்த தொட்டியில் இன்னொன்று. தியகோவின் வாசலை அவள் கடக்கையில், இறங்கிய தோளோடு அவன் தன் துடுப்பைக் கதவிலிருந்து எடுத்து அவள் பின்னால் சேர்ந்துகொண்டான். பின்னால் லொரென்சோவின் காலடி கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கொட்டாப்புளிகள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டே வந்தன.