டிலோஜினிக்குப் புளுகம்

மன்னார் பஸ் நிலையத்துக்கு முன்னால் உள்ள போன் கடையில் வேலை செய்யும் டிலோஜினிக்கு ஜெனிஸ்ரனைக் கண்டால் போதும், புளுகம் வந்துவிடும். சந்தோசம் என்ற சொல் அதற்குக் காணாது. சோடாப் போத்தலைக் குலுக்கித் திறந்த மாதிரி நெஞ்சு பொங்கும். பொங்கியது வாய்க்கு வரும்போது என்னவாக வரும் என்று அவளுக்கே தெரியாது.

தலைமன்னாரில் திமிங்கிலம் ஒன்று எழும்பி, கரையில் நின்ற தன் குடையில் தண்ணீர் பீச்சியது என்று ஒருநாள் அவனிடம் சொன்னாள். கழுதை கடைக்குள் புகுந்து சார்ஜர் வயரைத் தின்றது என்று இன்னொரு நாள். அதோடு நின்றிருக்கலாம். கொழும்பில் நடந்த பாட்டுப் போட்டியில் தனக்கு முதற்பரிசு கிடைத்தது என்றும் சொல்லிவிட்டாள். ஜெனிஸ்ரன் கோயில் பாடகர் குழுவின் தலைவன். உயிர்த்த ஞாயிறு பூசைக்கு அல்லேலூயாவைத் தனியே பாட அவள் பெயரையே எழுதிவிட்டான்.

மூன்று தரம் ஒத்திகைக்குக் கூப்பிட்டான். மூன்று தரமும் தொண்டை நோகுது என்றாள். அவள் வீட்டில் பாடினால் அம்மா றேடியோச் சத்தத்தைக் கூட்டிவைப்பார்.

பெரிய வியாழனுக்கு முதல்நாள் பின்னேரம் கோயிலில் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். தவறவிட்ட இரண்டு பூசை, வெள்ளிக்கிழமை தின்ற இறைச்சிக் கொத்துரொட்டி எல்லாம் சொன்னாள். பாட்டுக் கதையை மட்டும் விழுங்கிக்கொண்டாள். தவக்காலத்தில் இவ்வளவு சந்தோசப்படலாமா என்பது மட்டும் உறுத்தியது.

"பிறகு சாமி, எனக்குச் சரியான புளுகம்."

சுவாமி திருச்சியிலிருந்து வந்து மூன்று வாரம்தான். அவர் ஊரில் புளுகு என்றால் பொய். புளுகத்தை அவர் கேள்விப்பட்டதேயில்லை.

"எத்தனை தடவைம்மா?"

"கணக்கில்லை சாமி. அவரோட கதைக்கேக்க எல்லாம் வரும்."

"அவர்கிட்ட பேசும்போதெல்லாம் பொய்யா வருது?"

டிலோஜினி வாயைத் திறந்தாள். புளுகம் எண்டால் சந்தோசம் சாமி என்று சொல்லத்தான் வேண்டும். ஆனால் சுவாமி சொல்லைப் பிழையாக விளங்கி, ஆளைச் சரியாகப் பிடித்துவிட்டார். முழந்தாளில் நின்றபடியே அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"ஓம் சாமி. பொய்தான் வருது." பாட்டுக் கதை முழுவதையும் கொட்டினாள்.

"அப்போ அபராதம் இதுதான். நேரா போய் அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடும்மா," என்று சொல்லிப் பாவமன்னிப்புக் கொடுத்தார்.

ஜெனிஸ்ரன் கோயில் விறாந்தையில் கிற்றாரோடு இருந்தான். இன்றைக்குப் பிறகு இவன் தன்னோடு கதைக்கவே மாட்டான் என்று டிலோஜினிக்குத் தோன்றியது. திரும்பிப் போய்விடலாம் போலவும் இருந்தது. மூச்சை இழுத்தாள்.

"நான் ஒரு போட்டியிலயும் வெல்லேல்ல. கொழும்புக்குப் போனது மாமியின்ர கண் ஒப்பரேசனுக்கு."

"அப்ப அல்லேலூயா?"

"நான் பாடினால் ஆண்டவர் திரும்பக் கல்லறைக்குள்ள போயிடுவார்."

அவன் சிரிக்கவில்லை. "போர்ட்டில பேர் போட்டாச்சு. சனம் என்னை விசரன் எண்டு சொல்லப் போகுது. ஏன் புளுகினனீர்?"

"உங்களைக் கண்டால் புளுகம் வருது. அதோட புளுகும் வருது. கோவிக்காதேங்கோ."

அவன் காது இரண்டும் சிவந்தன.

"அப்ப திமிங்கிலம்?"

"பொய்."

"கழுதை?"

"கழுதை உண்மை. வயர் கடையில கிடக்கு, காட்டட்டோ?"

அவனுக்குச் சிரிப்பு வெடித்தது. "சரி, போன வருசம் பாடின பிரான்சிஸ்கா அக்காவைக் கேக்கிறன். இப்ப நீர் உண்மை சொல்லுற ஆளெல்லோ? என்ர கிற்றார் எப்பிடி?"

வானதூதர் வாசிக்கிற மாதிரி என்று நாக்கின் நுனிக்கே வந்துவிட்டது. பாவமன்னிப்புக் கிடைத்து இன்னும் பத்து நிமிடம் ஆகவில்லை. டிலோஜினி கண்ணை மூடிக்கொண்டாள்.

"சுருதி சேரேல்ல. மார்கழியில நத்தாருக்கும் சேரேல்ல."

"ஐயோ! ஏன் ஒருத்தரும் சொல்லேல்ல?"

"பாவத்துக்கு ஒறுத்தல் எண்டு நினைச்சுப் பொறுத்திருப்பினம்."

ஜெனிஸ்ரன் ஆணியை முறுக்கினான். "இப்ப?"

"இல்லை."

"இப்ப?"

"கிட்ட வந்திட்டுது."

இன்னும் ஒரு முறுக்கு. தந்தியைத் தட்டிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"ஓம்," என்றாள் டிலோஜினி. அவன் அதை அப்படியே நம்பி, அடுத்த தந்திக்குப் போனான்.