ரிஸ்க்கில் ஒரு பங்கு

அக்னஸ் அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கிளட்ச்சை எவ்வளவு விட்டால் வண்டி இழுக்கத் தொடங்கும் என்பதைப் கால் பெருவிரலாலேயே உணர்ந்துவிடுவார். மேட்டில் நிறுத்திய காரைப் பின்னால் நழுவவிடாமல் எடுப்பார். ஆனால் ஜெலுத்தோங்கில் லோரோங் என்கிற குறுகலான சந்து ஒன்று பெரிய சாலையில் முட்டும் இடத்துக்கு வந்தால் மட்டும் கார் நின்றுவிடும். வலப்பக்கம் காலி, இடப்பக்கமும் காலி, அப்போதும் போகமாட்டார். பின்னாலிருந்து ஹாரன் அடித்து ஓய்ந்த பிறகு, சரியாக அடுத்த லாரி வரும் நேரத்துக்கு முதல் கியரைப் போடுவார். இப்படி நின்றே இரண்டு முறை லைசென்ஸ் தேர்வில் தோற்றாயிற்று. பக்கத்து இருக்கையில் இருந்த பயிற்சியாளர் முஸ்தஃபாவுக்கு அது விளங்கவில்லை. பயந்தவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். பயந்தவர்களுக்கு ஸ்டியரிங்கில் கை வியர்க்கும். அக்காவின் கை உலர்ந்தே இருந்தது.

எதுவும் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாவிட்டால் முஸ்தஃபாவுக்குத் தூக்கம் வராது; தெரிந்துவிட்டால் இன்னொருவருக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. முதல் வகுப்பிலேயே பானெட்டைத் திறந்து காட்டும் பயிற்சியாளர் அந்த ஓட்டுநர் பள்ளியில் அவர் ஒருவர்தான். கிளட்ச்சை விளக்க இரண்டு பிஸ்கட்டுகளை ஒன்றோடொன்று உரசிக் காட்டுவார். பேசும்போது இரண்டு கைகளும் சேர்ந்து பேசும்.

அக்காவுக்கு லைசென்ஸ் அவசரமாகத் தேவைப்பட்டது. கணவர் வேதநாயகம் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். முடித்துத் திரும்பும் வழியில் அவருக்குக் குமட்டும். ஒருமுறை வாடகைக் காரில் வாந்தி எடுத்துவிட, ஓட்டுநர் நடுவழியிலேயே இறக்கிவிட்டான். அதற்குப் பிறகு அவர் தலைவலி, மழை என்று ஏதாவது சொல்லிப் போகாமல் இருக்கத் தொடங்கினார். போகாத வாரங்களில் அவருடைய பாதங்கள் வீங்கின. சொந்தக் கார் என்றால் வாந்தி எடுத்தாலும் நம்முடையதில்தானே என்பது அக்காவின் கணக்கு.

அன்றைக்கும் அதே லோரோங்கில் நின்றார்கள்.

"போங்கக்கா. கொஞ்சம் ரிஸ்க் எடுத்துத்தான் ஆகணும்."

"எல்லாரும் ரிஸ்க் ரிஸ்க்குங்கிறீங்க. அப்படின்னா என்னா தம்பி? ஆபத்துன்னுதானே அர்த்தம்? ஆபத்தைப் போயி யாராச்சும் எடுப்பாங்களா?"

இதைவிட நல்ல கேள்வியை முஸ்தஃபாவிடம் யாரும் கேட்டதில்லை. தம் இருக்கையில் அக்கா பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். "ஆபத்து வேற, ரிஸ்க் வேறக்கா. அந்தா வருது பாருங்க லோரி, அது ஆபத்து. நாம வீட்டுல படுத்திருந்தாலும் அது ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். ரிஸ்க்குங்கிறது நாம அதுக்கு முன்னால எதைக் கொண்டுபோய் வைக்கிறோம்ங்கிறது. அடி விழ எவ்வளவு வாய்ப்பு இருக்கு, விழுந்தா எவ்வளவு போகும், துணிஞ்சு கிளம்பினா என்னா கிடைக்கும், எல்லாத்தையும் எடை போடணும்." தராசுபோல இரண்டு கைகளையும் தூக்கினார். "இந்தத் தட்டுல சாலை. இந்தத் தட்டுல நம்ம அண்ணன். டயாலிசிஸ் போகாம வீட்டுல இருக்காரே, அது ரிஸ்க் இல்லையா? சும்மா நிக்கிறதும் ரிஸ்க்தான்க்கா."

அக்கா ஒரு நொடி அவரைப் பார்த்தார். கார் கிளம்பியது. வலப்பக்கத்திலிருந்து வந்த மோட்டார் சைக்கிளை முஸ்தஃபா கண்டபோது தட்டாகத் தூக்கிய வலக்கை இன்னும் காற்றில் இருந்தது. அது ஹேண்ட்பிரேக்குக்கு இறங்குவதற்குள் பம்பர் பின்சக்கரத்தைத் தட்டிவிட்டது.

அதை ஓட்டி வந்தவன் உணவு டெலிவரி செய்யும் கோகுலன் என்ற இளைஞன். மணிக்கட்டில் எலும்பு முறிவு. வேறு அடி இல்லை. பள்ளி உரிமையாளர் குணாளன் என்ன நடந்தது என்று கேட்டபோது, "அக்கா திடீர்னு கிளட்ச்சை விட்டுட்டாங்கண்ணே" என்றார் முஸ்தஃபா. அது பொய்யில்லை. ஆனால் பாதி. "வயசான ஆளுங்க வந்தா இப்படித்தான் லா" என்றார் குணாளன். முஸ்தஃபா தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல்தான் பிறகு அவரை விடவில்லை. பல் துலக்கும்போதும், ஜும்ஆ தொழுகை வரிசையில் நிற்கும்போதும் தலை தானாக ஆடுவதுபோல் இருந்தது. பயிற்சியாளரின் கை எப்போதும் ஹேண்ட்பிரேக்மேல் இருக்க வேண்டும். அது தொழிலின் முதல் பாடம். புதிதாகச் சேரும் பயிற்சியாளர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பவரே அவர்தான்.

அக்கா அதன்பின் வகுப்புக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்கள் வீடு திரும்பியிருக்கும் நேரமாகப் பார்த்து முஸ்தஃபா அடுக்குமாடிக்குப் போனார். வேதநாயகம் நாற்காலியில் கால்களை ஸ்டூல்மேல் நீட்டியிருந்தார். பாதங்கள் பளபளவென்று வீங்கியிருந்தன.

"இனிமே ஓட்டமாட்டேன் தம்பி. ஒரு தாயோட பிள்ளை கையை ஒடச்சிட்டேன்."

"நீங்க ஒடைக்கலக்கா. என் கை ஹேண்ட்பிரேக்குல இல்ல. பேசிக்கிட்டிருந்தேன். இருந்திருந்தா கார் ஒரு அடிகூட நகர்ந்திருக்காது."

வேதநாயகம் குறுக்கே பேசினார். "வாத்தியாரே, நீங்க சொன்னதையெல்லாம் இவ வந்து சொன்னா. ரொம்ப நல்லா இருந்துச்சு. ஒரு தட்டுல சாலை, ஒரு தட்டுல நான். அந்தப் பையனை எந்தத் தட்டுல வச்சீங்க?"

முஸ்தஃபா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆபீசுல சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லண்ணே."

"அங்க சொல்லிட்டு வாங்க. அப்புறம் ஒரு கப் தே குடிப்போம்."

மறுநாள் சொன்னார். குணாளன் கதவைச் சாத்திவிட்டு, "பைத்தியமா உனக்கு? கத்துக்குடுக்கிற பெர்மிட் போனா என்னா செய்வே? நாசி கண்டார் சோத்துக் கடையில கறி ஊத்துவியா?" என்றார். போலீஸ் நிலையத்திலும் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. விசாரணை நடக்கும், கூப்பிடும்போது வரவேண்டும் என்றார்கள். அதுவரை ஓட்டக் கற்றுத்தரலாம். கோகுலன் வீட்டுக்கும் போனார். "அண்ணே, கிளாஸ்ல என்னா பாடம் நடத்துனீங்க?" என்று கேட்டான் அவன். "ரிஸ்க்." "ரொம்ப பிராக்டிக்கலா நடத்தியிருக்கீங்க லா" என்றான். அவன் சிரித்தான். முஸ்தஃபாவால் சிரிக்க முடியவில்லை.

மறுபடியும் அடுக்குமாடிக்குப் போனபோது தே வந்தது. அன்று டயாலிசிஸ் நாள்; வேதநாயகம் போகவில்லை. முஸ்தஃபா கேட்க நினைத்தும் கேட்காமல் விட்டிருந்ததை அப்போது கேட்டார். "அக்கா, சாலை காலியா இருக்கும்போது ஏன் நிக்கிறீங்க? அந்த நேரத்துல என்னா செய்றீங்க?"

அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. "'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லுவேன். சாலை காலியானதும் ஆரம்பிப்பேன். பாதியில விட்டுட்டுப் போகக் கூடாதில்ல தம்பி? முடிச்சிட்டுப் பார்த்தா இன்னொரு வண்டி வந்துரும். அன்னைக்கு நீங்க அப்படிச் சொன்னதும் பாதியிலயே விட்டுட்டுப் போனேன். பார்க்காமலே போனேன்."

இத்தனை வகுப்புகளில், பக்கத்து இருக்கையில் இருந்துகொண்டு, முஸ்தஃபா இதைக் கேட்டதே இல்லை. சொல்லிக்கொண்டே இருந்தார். "நான் பிஸ்மில்லா சொல்லித்தான் சாவியைப் போடுவேன்" என்றார் மெதுவாக. "ஜெபத்தை விடச் சொல்லலக்கா. நேரத்தை மட்டும் மாத்துவோம்."

புதன்கிழமை காலை அதே லோரோங். சாலையைக் கடந்து வலப்பக்கம் திரும்பி முடிக்க அக்காவுக்கு எவ்வளவு நேரமாகிறது என்பதை முதலில் ஒரு வெற்றுத் திடலில் ஓட்டிப் பார்த்திருந்தார்கள். ஜெபத்தின் முதல் பாதியைச் சொல்லும் நேரம் ஆனது. பிறகு சாலையோரம் நின்று வண்டிகளைப் பார்த்தார்கள். வலப்பக்கம் டயர் கடைப் பலகையிலிருந்தும், இடப்பக்கம் மேம்பாலத்துத் தூணிலிருந்தும் ஒரு வண்டி சிம்பாங் சந்திப்புக்கு வந்து சேர முழு ஜெபமும் ஆனது. வேகமாக வரும் மோட்டாருக்கும் முதல் பாதிக்குமேல் ஆனது. இப்போது காரில் முஸ்தஃபாவின் கை ஹேண்ட்பிரேக்மேல் இருந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. பின்னிருக்கையில், டயாலிசிஸுக்குக் கிளம்பிய வேதநாயகம், வாந்தி வந்தால் பிடிக்க மடியில் ஒரு பிளாஸ்டிக் பையோடு உட்கார்ந்திருந்தார். வண்டிகள் போய்க்கொண்டிருக்கும்போது அக்கா ஜெபம் சொல்லி முடிக்க வேண்டும். முடித்தபின் வலது, இடது, மறுபடி வலது பார்க்க வேண்டும். பலகைக்கும் தூணுக்கும் நடுவே எதுவும் இல்லையென்றால் கடக்க நேரம் போதும், கிளம்ப வேண்டும். ஒரு மோட்டார் இருந்தாலும் நிற்க வேண்டும்.